மின்சாரக் கம்பி யாருடைய சொத்து? – ஆஸ்கார் வான் மில்லர் சரிதம்

மின்சார சக்தி உற்பத்தியாகும் இடத்தைப் பற்றி நம் அரசியல்வாதிகள் பேசுவதுண்டு. அச்சக்தியை ஊருக்கு ஊர் சுமந்து செல்லும் கம்பியைப் பற்றி அவர்கள் அதிகம் சிந்திப்பதில்லை. அருவியைக் கைப்பற்றியவன் அருவிக்கு மட்டுமே எஜமான். கம்பியைக் கைப்பற்றியவனோ, அது சென்றடையும் ஆலைக்கும் வயலுக்கும் வீட்டுக்கும் எஜமானாகிறான். கம்பங்கள் நாட்டத் தொடங்கிய காலத்திலேயே இதைக் கண்டுகொண்டவர் ஜெர்மானிய இஞ்சினீயர் ஆஸ்கார் வான் மில்லர். மின்சார வேலைகளை ஒப்பந்தத்தின் பேரில் ஏற்று நடத்தியே அவர் ஜீவித்தார். அப்படியிருந்தும், பெரிய கம்பி வலை எந்த முதலாளியிடமும் சிக்கலாகாது, அது பிரஜைகளின் பொதுச் சொத்தாகவே இருக்க வேண்டும் என்று அவரே வாதாடினார். இதன் பொருட்டே அவருடைய சரித்திரத்தை நேயர்களுக்குச் சொல்ல முன்வந்தோம்.

மில்லர் 1855-ஆம் ஆண்டு மே மாதம் 7-ந் தேதி பவேரிய ராஜ்யத்தின் தலைநகரான ம்யூனிக்கில் பிறந்தார். தகப்பனார் பெர்டினாண்ட் மில்லர் பெயர் பெற்ற வெண்கல வார்ப்புக்காரர். அந்நகரில் இன்றும் நிற்கும் பவேரியா தேவியின் பிரம்மாண்டமான சிலை அவருடைய பட்டறையில் வார்க்கப்பட்டதே. மகன் கட்டட இஞ்சினீயரிங் கற்று சர்க்கார் உத்தியோகத்தில் அமர்ந்தார். 1881-ல் பாரிஸில் நடந்த மின்சாரப் பொருட்காட்சியைக் காணச் சென்றதே அவருடைய வாழ்க்கையைத் திருப்பியது. அடுத்த ஆண்டே ம்யூனிக்கில் அதுபோன்ற பொருட்காட்சி ஒன்றை ஏற்பாடு செய்துவிட்டார். அதில் பிரெஞ்சுக்காரரான மார்ஸெல் டெப்ரேயின் உதவியுடன், 57 கிலோமீட்டர் தூரத்திலுள்ள மீஸ்பாக்கிலிருந்து சாதாரணத் தந்திக் கம்பி வழியாக மின்சாரம் கொண்டுவரப்பட்டு, ஒரு சிறு செயற்கை அருவி இயக்கிக் காட்டப்பட்டது. சக்தியின் பெரும்பகுதி வழியிலேயே வீணாயிற்று. ஆயினும் மின்சாரம் ஊர் விட்டு ஊர் செல்லும் என்பதை ஜனங்கள் கண்ணால் கண்டுவிட்டனர்.

பின்னர் அவர் பெர்லினில் எமில் ராத்தேனோவுடன் ஜெர்மன் எடிசன் கம்பெனியின் டைரக்டராகச் சில ஆண்டுகள் இருந்தார். அக்கம்பெனியின் முறை எளியது: நகரசபையிடம் உரிமை பெற்று, மின்சார நிலையத்தைத் தானே கட்டி, தானே வைத்துக்கொண்டு, மின்சாரத்தை விற்பது. கம்பெனிக்கு அது கொழுத்த லாபம். மில்லர் 1889-ல் விலகி, மறு ஆண்டு ம்யூனிக்கில் தம் சொந்த இஞ்சினீயரிங் காரியாலயத்தைத் திறந்தார். இங்கு முறை வேறு. திட்டம் வரைந்து, யந்திரங்களைத் தருவித்து, கட்டுமானத்தை மேற்பார்த்து, முடிந்த வேலையை உரியவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கூலியோடு விலகிக்கொள்வது. இவ்வித்தியாசம் சிறியதன்று. முதல் முறையில் ஊர் வாடிக்கையாளன். இரண்டாவதில் ஊரே உடைமையாளன்.

1891-ல் பிராங்பர்ட் நகரில் சர்வதேச மின்சாரப் பொருட்காட்சி நடந்தது. அதன் தொழில்நுட்பத் தலைமை மில்லருக்கு வந்தது. நெக்கார் நதிக்கரையிலுள்ள லௌபன் என்னும் ஊரில் ஒரு சிமிண்டுத் தொழிற்சாலை. அங்கே நீர்வீழ்ச்சியின் சக்தி மிஞ்சிக் கிடந்தது. அருகிலுள்ள ஹைல்பிரான் நகருக்கு அதைக் கொண்டுசெல்லும் வேலையை மில்லர் ஏற்கனவே ஏற்றிருந்தார். ஹைல்பிரானுக்குப் போவதற்கு முன் அதைப் பிராங்பர்ட்டுக்கே கொண்டுவந்து உலகத்துக்குக் காட்டினால் என்ன என்று அவருக்குத் தோன்றிற்று. தூரமோ 175 கிலோமீட்டர். அக்காலத்தில் விஷயமறிந்தோரிற் பலர் இதை வீண் பிரயத்தனம் என்றே எண்ணினர்.

இங்கு ஒரு கணக்கை நேயர்கள் தெரிந்துகொள்வது நலம். கம்பியில் ஓடும் மின்னோட்டம் இரட்டித்தால், உஷ்ணமாக வீணாகும் சக்தி நான்கு மடங்காகும். அதே சக்தியை இரட்டை அழுத்தத்தில் அனுப்பினால் ஓட்டம் பாதியாகி, நஷ்டம் கால் பங்காகும். ஆகவே நெடுந்தூரத்துக்கு உயர்ந்த அழுத்தமே வழி. லௌபனில் டைனமோ ஏறக்குறைய 55 வோல்ட்டு அழுத்தத்தில் பிறப்பித்த மின்சாரத்தை டிரான்ஸ்பார்மர்கள் 15,000 வோல்ட்டுக்கு உயர்த்தின. பிராங்பர்ட்டில் மீண்டும் இறக்கின. டோப்ரோவோல்ஸ்கி என்ற ருஷ்யரும், சார்லஸ் பிரௌன் என்ற ஸ்விட்சர்லாந்து இஞ்சினீயரும் மூன்று கம்பிகளில் செல்லும் புதிய முறையில் இந்த யந்திரங்களை அமைத்தனர்.

யந்திரத்தைவிடக் கம்பி நாட்டுவதே பெரும் பாடாயிற்று. பாதை வுர்ட்டம்பர்க், பேடன், ஹெஸ்ஸே, பிரஷ்யா என நான்கு ராஜ்யங்களின் எல்லைகளைக் கடந்தது. ஒவ்வொன்றிலும் தனி அதிகாரிகள், தனி ரயில்வே, தனி அச்சங்கள். ஜெர்மன் தபால் தந்தி இலாகா கம்பங்களை நாட்டிக் கொடுத்தது. சுமார் 3,000 கம்பங்கள். நான்கு மில்லிமீட்டர் கனமுள்ள செப்புக் கம்பி ஏறக்குறைய 60 டன். ஈரத்தில் மின்சாரம் கசியாதிருக்க எண்ணெய்ப் பள்ளம் வைத்த பீங்கான் இன்சுலேட்டர்கள் பொருத்தப்பட்டன. கிராமவாசிகளை எச்சரிக்கக் கம்பங்களில் மண்டையோட்டின் படம் தீட்டப்பட்டது. பொருட்காட்சி மே மாதத்தில் திறந்துவிட்டது. லௌபனின் மின்சாரமோ ஆகஸ்டு மாதக் கடைசியில்தான் வந்து சேர்ந்தது. வந்தபோது ஆயிரம் விளக்குகள் எரிந்தன. பத்து மீட்டர் உயரச் செயற்கை அருவி ஒன்று கொட்டிற்று. லௌபனில் பிறந்த சக்தியில் நூற்றுக்கு 75 பங்கு பிராங்பர்ட் சேர்ந்ததாகப் பரீட்சைக் கமிட்டி அளந்து கண்டது. ஏளனம் ஓய்ந்தது. மறு ஆண்டு ஜனவரியில் ஹைல்பிரானும் தன் மின்சாரத்தைப் பெற்றது.

இதற்குப் பதினோரு ஆண்டுகளுக்குப் பின், 1902-ல், மைசூர் சமஸ்தானத்தின் சிவசமுத்திரத்திலிருந்து 92 மைல் தூரத்திலுள்ள கோலாருக்கு இதே மூன்று கம்பி முறையில் மின்சாரம் சென்றது. திவான் சேஷாத்திரி ஐயரின் தீர்க்கதரிசனம் போற்றத்தக்கதே. ஆனால் அச்சக்தி முதலில் ஓடியது பிரிட்டிஷ் கம்பெனிகள் நடத்திய தங்கச் சுரங்கங்களுக்கு. பெங்களூரின் வீதிகளில் விளக்கெரிந்தது 1905-ல். கம்பி ஒன்றே; அது எவர் வாசலில் முதலில் நிற்கிறது என்பதில்தான் அரசியல் அடங்கியிருக்கிறது.

மில்லரின் காரியாலயம் பிறகு பல ஊர்களுக்கு வேலை செய்தது. அவற்றுள் டிரோல் மலைநாட்டிலுள்ள போட்ஸன், மெரான் என்னும் இரு நகரங்கள் தமக்குக் கூட்டுச் சொத்தாக அமைத்துக்கொண்ட எட்ச் நதி மின்சார நிலையம் குறிப்பிடத்தக்கது. கம்பி நாட்டுதலை மட்டுமே பார்ப்போர் அதைப் பராமரிக்கும் உழைப்பை மறந்துவிடுகின்றனர். மரக்கம்பம் மண்மட்டத்தில் உளுத்துப்போகும். பீங்கான் இடியில் வெடிக்கும். பனிப்பாரத்தில் கம்பி தொய்ந்து அறும். ஒவ்வொன்றுக்கும் ஒருவன் நடந்து பார்த்து, மேலே ஏறி மாற்றியாக வேண்டும். கட்டியவன் கூலி வாங்கிப் போய்விடலாம், காப்பவனுக்கு ஓய்வில்லை. லாபம் ஒன்றே நோக்கமுள்ளவன் முதலில் கை வைப்பது இந்தச் செலவின்மீதுதான் என்பது நம் அபிப்பிராயம்.

பவேரியாவில் நிலக்கரி வளம் சொற்பம். மலையும் நீரும் ஏராளம். வால்கன்ஸே ஏரிக்கும் அதன் கீழேயுள்ள கோகல்ஸே ஏரிக்கும் இடையே சுமார் 200 மீட்டர் உயர வித்தியாசம். அந்நீரைக் குழாய்களில் இறக்கி மின்சாரம் எடுப்பதும், ராஜ்யத்தின் நகரங்களையெல்லாம் 1,10,000 வோல்ட்டுக் கம்பி வளையத்தால் இணைப்பதும் மில்லரின் திட்டம். வளையத்தின் ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கத்திலிருந்து சக்தி வரும். பெரிய கம்பியைச் சர்க்கார் வைத்துக்கொள்ளும். நகரசபைகளும் உள்ளூர் ஸ்தாபனங்களும் அதனிடம் மொத்தமாக வாங்கி விநியோகிக்கும். பல ஆண்டு வாதத்துக்குப் பின் 1918 ஜூன் மாதத்தில் சட்டசபை சம்மதித்தது. நவம்பரில் மன்னராட்சியே கவிழ்ந்தது! புரட்சியும் பட்டினியும் சூழ்ந்த அந்நாட்களில், யுத்தத்திலிருந்து வேலையின்றித் திரும்பிய சிப்பாய்களுக்கு அந்த மலை வேலை கொடுத்தது. மில்லர் சர்க்கார் கமிஷனராக இருந்து வேலையை நடத்தினார். 1921-ல் பவேரிய மின்சார ஸ்தாபனம் உருவாயிற்று. ஜெர்மன் நாணயம் காகிதக் குப்பையான 1923-ஐயும் தாண்டி, 1924 ஜனவரி 24-ந் தேதி வால்கன்ஸே மின்சாரம் கம்பியில் ஏறிற்று.

புகழ்ச்சி ஒன்றையே பாடிச் செல்ல நமக்கு மனமில்லை. ஏரிக்கு நீர் சேர்க்க இஸார் நதி திருப்பப்பட்டது. அதனால் கிரூன் என்னும் ஊருக்குக் கீழே நதிப்படுகை பல பத்தாண்டுகள் வறண்ட கற்குவியலாகக் கிடந்தது. 1990-ல்தான் சிறிதளவு நீர் மீண்டும் விடப்பட்டது. பொதுச் சொத்தென்ற பெயரால் ஒரு பகுதி மக்களின் ஆறு பறிபோவதும் நியாயமன்று. மில்லர் இதற்குத் தக்க சமாதானம் வைத்திருந்ததாக நமக்குத் தோன்றவில்லை.

1903-ல் அவர் தொடங்கிய ஜெர்மன் விஞ்ஞானப் பொருட்காட்சிசாலை, 1925-ல் அவருடைய எழுபதாவது பிறந்த நாளன்று இஸார் நதித் தீவில் தன் சொந்தக் கட்டடத்தில் திறக்கப்பட்டது. அவர் பெயரை உலகம் அறிந்தது இதனால்தான். 1930-ல், ஜெர்மனி முழுமைக்கும் ஒரே கம்பி வலை வேண்டுமென்று மத்திய சர்க்காருக்கு அறிக்கை தந்தார். அது அவர் எழுதிய வண்ணம் நிறைவேறவில்லை. நாஜிகள் அவரைச் சந்தேகக் கண்கொண்டு நோக்கினர். அவர்கள் அதிகாரத்தைப் பிடித்த 1933-ல் பொருட்காட்சிசாலையின் தலைமையிலிருந்து விலகினார். 1934 ஏப்ரல் 9-ந் தேதி ம்யூனிக்கில் காலமானார்.

அவர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்குப் பின், 1994-ல், பவேரிய சர்க்கார் தன் மின்சார ஸ்தாபனத்தின் பங்குகளைத் தனியார் கம்பெனிக்கு விற்றது. 2000-ல் அது இன்னொரு பெரிய கம்பெனியில் கரைந்தது; வால்கன்ஸே நிலையம் பின்னர் யூனிப்பர் என்னும் கம்பெனியின் வசமாயிற்று. 2022-ல் ருஷ்ய எரிவாயு நின்றுபோய் அக்கம்பெனி திவாலாகும் தறுவாயை எட்டியபோது, ஜெர்மன் சர்க்கார் ஜனங்களின் வரிப்பணத்தைக் கொட்டி அதைத் தன்னுடைமையாக்கிக்கொண்டது. மில்லர் பொதுச் சொத்தாகக் கட்டிய நிலையமும் அந்தப் பேரத்தில் அடங்கியிருந்தது.