லீவன்ஹூக் சரித்திரமும் நம் பொலிகாளைகளும்

பசுவொன்று இருமுறை மும்முறை காளைக்கு விட்டும் சினை பிடியாதாயின், அதனை மலடென்று தீர்மானித்துச் சந்தைக்கு ஓட்டிச்சென்று அடிமாடாகத் தள்ளிவிடுதல் நம் காரிமங்கலம் சுற்றுப்புறத்தில் புதிதன்று. அப்பசுவோடு கூடிய பொலிகாளை குற்றமற்றதுதானா என்று வினவுவார் மிகச் சிலர். திமில் நிமிர்ந்து, கண்டார் அஞ்ச முக்காரமிட்டு நிற்கும் காளையைக் குறைகூற எவர்க்கு மனம் வரும்? ஆயினும் காளையின் வித்து வன்மை திமிலிலும் முக்காரத்திலும் தெரிவதன்று. அதனைக் கண்ணாற் கண்டறியும் வழியை உலகிற்குத் திறந்தவர் கல்லூரி வாயிலை மிதியாத ஒரு ஜவுளி வியாபாரி. அவர் சரித்திரத்தை நம் குடும்பத்தார் அறிந்திருத்தல் நன்றெனக் கருதி ஈண்டு எழுதலுற்றோம்.

ஆன்டனி வான் லீவன்ஹூக் என்பார் ஹாலந்து தேசத்து டெல்ஃப்ட் நகரில் 1632-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் பிறந்தார். தந்தையார் கூடை முடைந்து ஜீவித்தவர்; மகன் சிறுவனாயிருக்கையிலேயே காலஞ்சென்றார். 16-ஆம் பிராயத்தில் ஆம்ஸ்டர்டாம் நகரத்து ஜவுளிக்கடையொன்றில் வேலைக்கமர்ந்த லீவன்ஹூக், 1654-இல் சொந்த ஊர் திரும்பி, விவாகம் செய்துகொண்டு, தாமே துணிக்கடை வைத்தார். 1660-இல் நகர மண்டபத்தைப் பராமரிக்கும் சிற்றுத்தியோகமும் கிடைத்தது. லத்தீன் மொழி அறியாதவராதலின், அக்காலத்துப் பண்டிதர் நூல்களிற் பெரும்பாலன அவர்க்குப் பூட்டிய பெட்டிகளாகவே இருந்தன.

ஜவுளிக்காரர் இழைகளை எண்ணுதற்குப் பூதக்கண்ணாடி வைத்திருப்பது அங்கே வழக்கம். லீவன்ஹூக்கின் ஆசை அவ்வளவில் அடங்கவில்லை. கடுகளவான கண்ணாடி வில்லைகளைத் தாமே செய்து, இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே பதித்து, கண்ணோடு ஒட்டிப் பிடித்து நோக்குவார். அவற்றுள் இன்று எஞ்சியவற்றிற் சிறந்தது பொருளை ஏறக்குறைய 270 மடங்கு பெரிதாக்குவது. 1673 முதல் லண்டன் ராயல் ஸொஸைட்டிக்குத் தம் தாய்மொழியாகிய டச்சிலேயே கடிதங்கள் எழுதிவந்தார். ஏரி நீரிலும் மிளகு ஊறிய நீரிலும் எண்ணிறந்த சிற்றுயிர்கள் நீந்துவதாக அவர் எழுதியதைப் பண்டிதர் எளிதில் நம்பினாரல்லர். (அம்மிளகு நம் மலையாளக் கரைச் சரக்காகவும் இருந்திருக்கலாம்.) ஊர்ப் பெரியோர் சிலர் நேரிற் கண்டு சாட்சியம் எழுதிக் கொடுத்தனர், 1677-இல் ராபர்ட் ஹூக் என்னும் விஞ்ஞானி தாமே சோதித்து உண்மையெனத் தெளிந்தார்.

அதே 1677-இல்தான் நம் விஷயத்திற்கு மூலமான சம்பவம் நிகழ்ந்தது. லெய்டன் நகரத்து வைத்திய மாணவராகிய ஜொஹான் ஹாம் என்பார், நோயுற்ற ஒருவனது விந்தில் வாலுடைய சிற்றுயிர்கள் காணப்படுவதைக் கூறினார். நோயால் உண்டாகும் அழுகலினின்று அவை பிறந்தன என்பது அவர் எண்ணம். லீவன்ஹூக் அவ்வளவில் ஒப்பாது, நோயற்ற விந்தையும் நோக்கினார். அதிலும் அவை துள்ளி நீந்தின. பருமணல் ஒன்றின் அளவுக்கு அவற்றுள் பத்து லட்சமும் ஈடாகாவென்று கணித்தார். குடும்பத்தார் படிக்கும் ஏட்டில் இஃது ஏன் என்று கூசுவார் உளராயின், அவரும் கூசியவரே. சோதித்தது தம் தாம்பத்தியத்தினின்று பெற்றதேயன்றித் தகாத வழியில் வந்ததன்று என்பதைக் குறித்து, கற்றோர்க்கு அருவருப்பாயின் கடிதத்தை வெளியிடாது விடலாம் என்றும் ஸொஸைட்டித் தலைவர்க்கு எழுதினார். ஸொஸைட்டியார் அதனை வெளியிட்டனர். 1680-இல் அவரைத் தம் அங்கத்தினராகவும் ஏற்றனர். பின்னர் நாய், முயல், மீன் முதலியவற்றின் விந்தையும் அவர் ஆராய்ந்தார்.

ஒன்றில் மட்டும் அவர் வழி தவறினார். உயிர் முழுதும் ஆணின் வித்திலேயே அடங்கியுள்ளது, தாய் அதற்கு உணவூட்டும் இடமே என்று கடைசிவரை வாதித்தார். பெண்ணிடத்தும் முட்டை உண்டென்று கூறிய டி கிராஃப் அவ்வூரிலேயே வாழ்ந்தவர். இவரை ராயல் ஸொஸைட்டிக்கு அறிமுகம் செய்தவரும் அவரே. பாலூட்டும் பிராணிகளின் முட்டையை பேயர் 1827-இல் கண்டார். ஆண் பெண் கருக்கள் இரண்டும் ஒன்றாதலைக் கடல்முள்ளெலியில் ஹெர்ட்விக் 1876-இல் கண்டார். வித்து ஆணுடையது, நிலம் பெண்ணுடையது என்பது நம் நாட்டிலும் பழைய கொள்கைதான். அங்ஙனமாயின் பயிர் முளையாதபோது முதலில் வித்தையன்றோ சோதிக்க வேண்டும்? நாமோ நிலத்தையே பழிக்கிறோம். இவ்வநியாயம் தொழுவத்தோடு நின்றதுமில்லை. பிள்ளையில்லா வீடுகளில் மருமகளை மட்டும் மலடியென்று வைது, மகனைச் சோதியாமலே மறுமணம் பேசிய கதைகள் நம்மிடையே எத்தனை!

லீவன்ஹூக் 1698-இல் ருஷ்ய மன்னர் பீட்டருக்குத் தம் கருவிகளைக் காட்டினார். சிறந்த வில்லை செய்யும் இரகசியத்தை மட்டும் எவர்க்கும் கூறாது, 1723-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் தமது 90-ஆம் வயதில் காலமானார். ராயல் ஸொஸைட்டிக்கு அவர் விட்டுச்சென்ற 26 வெள்ளிக் கருவிகளும் பிற்காலத்தில் காணாமற் போயின. நோக்கும் வழக்கம் மட்டும் போகவில்லை.

இன்று கால்நடை மருத்துவர் பொலிகாளையின் கால், கண், உடல்நிலை ஆகியவற்றைப் பார்த்து, விரைப்பையின் சுற்றளவை நாடாவால் அளப்பர். மேல்நாட்டு இனங்களில் இரண்டு வயது கடந்த காளைக்கு அது 34 சென்டிமீட்டருக்குக் குறைதலாகாது. நம் நாட்டினங்களுக்கு அளவு சற்றுக் குறைவு. பின்னர் விந்தை எடுத்து, உடற்சூட்டிலுள்ள கண்ணாடித் தகட்டில் ஒரு துளி இட்டு நோக்குவர். 100-இல் 30-ஆவது முன்னோக்கி நீந்துதலும், 70-ஆவது வடிவம் கெடாதிருத்தலும் வேண்டும். பசுவின்மேல் ஏறும் ஊக்கம் இச்சோதனையில் தெரியாது. அதனை உடையவரே கவனித்தல் வேண்டும். 1939-இல் மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில் சம்பத்குமாரன் தொடங்கிய சினை ஊசி முறையில் வரும் விந்து, நிலையத்திலேயே சோதிக்கப்படுகிறது. ஊர்க்காளையை நம்புவோர்க்கே இக்கவலை. ஆலம்பாடி இனத்தைக் காக்க விரும்புவோர்க்கு அது மேலும் மிகுதி. நல்ல காளைகள் அருகிவிட்டமையால், வித்தற்ற ஒன்று ஊரார் பசுக்களின் ஓராண்டு ஈற்றையே கெடுத்துவிடும்.

காளையின் விந்தணு உருவாகி வெளிவர ஏறக்குறைய 70 நாள் செல்லும். சித்திரை வெயிலிலோ காய்ச்சலிலோ வாடிய காளை ஆனியிலும் பழுதான வித்தையே தரக்கூடும். சென்ற ஆண்டுச் சோதனை இவ்வாண்டுக்கு உதவாது. மழைக்குப்பின் பசும்புல் தழைக்கையில், ஆடி ஆவணியில் பசுக்களைச் சேர்க்க எண்ணுவோர் வைகாசியிலேயே மருத்துவரை அழைத்தல் வேண்டும். அப்போது காளை தவறினால் மறுசோதனைக்கும், வேறு காளை தேடுதற்கும் நாள் இருக்கும்.