மடங்கவும் வேண்டும், மடங்காமல் நிற்கவும் வேண்டும்



மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது கல்லூரி நாட்களைப் பற்றி ஒரு கட்டுரை. நான் எழுதியிருப்பதோ 1590இல் பாரிஸில் காலமான ஓர் அறுவை வைத்தியரின் கதை. அந்த மனிதருக்கும் நம் மெக்கானிகல் பிரிவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

என் பேட்ச் நண்பர்களுக்கு என் முகம் மறந்திருக்கலாம், சத்தம் மறந்திருக்காது. இரண்டு வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனது. பள்ளி நாளிலிருந்தே காலிபர்தான். தொடையிலிருந்து பூட்ஸ் வரை இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை, நடுநடுவே தோல் வார். முழங்கால் இருக்கும் இடத்தில் ஒரு கீல், அதன் மேலே ஒரு சின்ன இரும்பு வளையம். எழுந்து நின்று காலை நீட்டினால் வளையம் தன் எடையிலேயே இறங்கிக் கீலைப் பூட்டிவிடும். உட்கார வேண்டுமென்றால் குனிந்து அதை மேலே தூக்கிவிட வேண்டும். டிராப் லாக் என்பார்கள். இறங்கும்போது டக் என்று ஒரு சத்தம். அதனால் ஹாஸ்டலில் எனக்குப் பெயரே டக்கு. லேட்டாக வந்தால் கணக்கு சார் போர்டைப் பார்த்தபடியே என் பெயரைச் சொல்லிவிடுவார்.

இரண்டாம் ஆண்டில் ஒருநாள் அந்த வளையம் தேய்ந்து பாதி வழியில் சிக்கிக்கொண்டது. சத்தம் கேட்காததை நானும் கவனிக்கவில்லை. மாடிப்படியில் கால் வைத்தேன், கீல் மடங்கியது, எட்டுப் படி உருண்டேன். பட்டறையில் ஃபிட்டிங் பிரிவு சார் அதைக் கேள்விப்பட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்னை ஸ்டூலில் உட்காரவைத்து, லேத்தில் புது வளையம் கடைந்து மாட்டினார். பத்துத் தடவை உட்கார்ந்து எழச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் காது கொடுத்துக் கேட்டார். இந்த மாதிரிப் பூட்டை முதலில் யார் யோசித்திருப்பார்கள் சார் என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. எனக்குப் பதில் கிடைக்கப் பல வருஷம் ஆனது. அந்தப் பதிலில் வரும் பெரிய பெயர்தான் அம்புருவாஸ் பாரே.

நாவிதர் கடையிலிருந்து

பாரே பிறந்தது 1510 வாக்கில், பிரான்ஸில் லவால் என்ற ஊருக்குப் பக்கத்தில். பெரிய படிப்பு இல்லை. அந்தக் காலத்து ஐரோப்பாவில் பல்கலைக்கழகத்தில் லத்தீனில் படித்த வைத்தியர் உடம்பில் கத்தி வைக்க மாட்டார். கட்டி கீறுவதும், ரத்தம் எடுப்பதும், எலும்பு கட்டுவதும், கால் வெட்டுவதும் நாவிதர்களின் வேலை. நம் ஊரிலும் நாவிதர்கள் வைத்தியம் பார்த்தார்கள், அவர்களுக்கு மருத்துவர் என்றே பெயர் இருந்தது என்பதை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். பாரே அப்படி ஒரு கடையில் தொழில் பழகி, பிறகு பாரிஸில் ஒத்தேல் தியூ என்ற பெரிய ஆஸ்பத்திரியில் சில வருஷம் வேலை பார்த்தார். அங்கிருந்து நேராகப் போர்க்களம்.

1537 வாக்கில் பிரெஞ்சுப் படையோடு இத்தாலிக்குப் போனார். துப்பாக்கி அப்போது புதுசு. வெடிமருந்து விஷம், குண்டு பாய்ந்த புண்ணில் கொதிக்கும் எண்ணெயை ஊற்றினால்தான் அந்த விஷம் முறியும் என்று பெரிய புத்தகங்களில் எழுதியிருந்தது. எல்லாரும் அப்படியே செய்தார்கள். பாரேயும் செய்தார். ஒருநாள் எண்ணெய் தீர்ந்துபோனது. வேறு வழியில்லாமல் முட்டை மஞ்சள் கரு, ரோஜா எண்ணெய், டர்பன்டைன் மூன்றையும் கலந்து மிச்சப் பேருக்குத் தடவினார். அன்று இரவு அவருக்குத் தூக்கமே இல்லை. எண்ணெய் ஊற்றாதவர்கள் விடிவதற்குள் விஷமேறிச் செத்திருப்பார்கள் என்று பயம். விடியற்காலையில் எழுந்து ஓடிப் பார்த்தால், அவர்கள் நிம்மதியாகத் தூங்கியிருந்தார்கள். எண்ணெய் ஊற்றப்பட்டவர்களுக்குத்தான் காய்ச்சலும் வீக்கமும் வலியும். அன்றோடு அந்தக் கொடுமையை அவர் விட்டார். 1545இல் இதைப் புத்தகமாகவே எழுதினார்.

தியரி ஒன்று சொல்ல, ரீடிங் வேறொன்று காட்டினால் எதை நம்புவது என்று நம் லேபில் அடிக்கடி குழம்புவோமே, அந்தக் குழப்பத்தில் அவர் ரீடிங்கை நம்பினார்.

வெட்டிய பிறகு என்ன?

கால் வெட்டினால் ரத்தத்தை நிறுத்தப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடுவது அன்றைய வழக்கம். 1552இல் தாம்வில்லியே முற்றுகையில் பீரங்கிக் குண்டு பட்ட ஒருவருக்குக் கால் எடுக்க வேண்டி வந்தது. பாரே இரும்பைத் தொடவில்லை. ரத்தக் குழாய்களை ஒவ்வொன்றாகப் பிடித்து நூலால் கட்டினார். காயத்தில் ரத்தக் குழாயைக் கட்டுவது பழைய கிரேக்க, ரோம வைத்தியர்களுக்கும் தெரிந்த முறைதான். கால் எடுக்கும்போது அதைத் துணிந்து செய்து, மற்றவர்களும் செய்ய எழுதிவைத்தது இவர்.

அதே வருஷம் இன்னொரு சம்பவம். உடம்பில் பன்னிரண்டு வாள் வெட்டுகளோடு ஒருவன். பிழைக்க மாட்டான் என்று கூட இருந்தவர்கள் குழியே தோண்டிவிட்டார்கள். பாரே அவனை வண்டியில் ஏற்றி, வைத்தியம் பார்த்து, மருந்து கலக்கி, சமைத்தும் போட்டுக் காப்பாற்றினார். பிழைத்தவன் நாளைக்கு எப்படி வாழ்வான் என்பதும் இவருக்குக் கவலை. கால் போனவர்கள் இல்லாத காலில் வலிக்கிறது என்று அழுவதையும் கேட்டு எழுதிவைத்தவர் அவர்.

1561இல் அந்தக் கவலை அவருடைய சொந்தக் காலுக்கே வந்தது. ஒரு குதிரை உதைத்ததில் இடது காலின் இரண்டு எலும்பும் முறிந்து, தோலைக் கிழித்து, பூட்ஸையும் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டன. இப்படிப்பட்ட முறிவுக்கு அன்று கத்திதான் முடிவு. எத்தனையோ பேருக்குக் கால் எடுத்த மனிதர், தன் காலும் போகப்போகிறதோ என்று நடுங்கிப் படுத்துக் கிடந்தார். நல்ல வேளையாகக் கால் பிழைத்தது. மூன்று வருஷம் கழித்து, 1564இல், அறுவை வைத்தியம் பற்றிய பத்துப் பகுதிகள் கொண்ட புத்தகம் ஒன்றை வெளியிட்டார். அதில்தான் செயற்கைக் கை கால்களின் படங்கள் வந்தன.

சின்ன லொரேன்காரர்

பாரேக்கு லேத் தெரியாது, அரம் பிடிக்கத் தெரியாது. ஆனால் யாரிடம் போக வேண்டும் என்று தெரிந்திருந்தது. பாரிஸில் பூட்டுச் செய்யும் கைவினைஞர் ஒருவர் இருந்தார். சின்ன லொரேன்காரர் என்று எல்லாரும் கூப்பிட்டார்கள். லொரேன் என்பது பிரான்ஸ் எல்லையில் இருந்த ஒரு நாடு. அவருடைய கைகால் அமைப்புகளைப் பாரே விடாமல் கேட்டுக் கேட்டு வாங்கித் தன் புத்தகத்தில் போட்டார்.

அந்தக் காலின் முழங்காலைப் பாருங்கள். தொடைக்கு ஒரு கூடு. அது உடுப்போடு சேர்ந்து நிற்கக் கொக்கிகள். முழங்காலில் ஒரு கீல். கீலுக்கு மேலே ஒரு கொண்டி, அதைத் தள்ளிப் பிடிக்க ஒரு ஸ்பிரிங். கால் நேராக வந்ததும் கொண்டி விழுந்து பூட்டிக்கொள்ளும், ஆள் பின்னால் சாயமாட்டார். கொண்டியிலிருந்து ஒரு கயிறு, அதன் நுனியில் ஒரு வளையம். உட்காரும்போதோ குதிரை ஏறும்போதோ வளையத்தைப் பிடித்து இழுத்தால் கொண்டி விலகும், கால் மடங்கும். கையில் இன்னும் நுட்பம். விரல்களுக்குப் பற்சக்கரமும் ஸ்பிரிங்கும்.

இந்தப் படத்தை முதலில் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இது என் டிராப் லாக்குக்குத் தாத்தா அல்லவா!

மெக்கானிகல்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் படித்த கீல் எல்லாம் மடங்குவதற்கு. கதவுக் கீல் எப்போதும் மடங்கினால் போதும். முழங்கால் அப்படி இல்லை. எடை ஏறும்போது மடங்கக் கூடாது, எடை இறங்கியதும் மடங்க வேண்டும். நல்ல காலில் அதைத் தசை பார்த்துக்கொள்கிறது. தசை இல்லாத இடத்தில் யாராவது முடிவு செய்ய வேண்டும். சின்ன லொரேன்காரர் அந்த முடிவை ஒரு கொண்டியிடமும் ஒரு கயிற்றிடமும் கொடுத்தார். அதற்குக் கொடுத்த விலை, நடக்கும்போது கால் விறைப்பாகவே இருக்கும், பக்கவாட்டில் வீசித்தான் நடக்க வேண்டும். நான் நடந்ததும் அப்படித்தான். ஆனால் விழாமல் நிற்கலாம். விழுந்து பார்த்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

இந்தக் கால் கனமானது, ஏகப்பட்ட வேலைப்பாடு. பணக்காரர்களுக்கு மட்டுமே கட்டுப்படியாகும். அது தெரிந்துதான் பாரே அதே புத்தகத்தில் இன்னொரு படமும் போட்டார். ஏழைகளுக்கான கட்டைக் கால். முழங்காலை மடக்கி ஒரு திண்டில் ஊன்றி, வாரால் கட்டிக்கொண்டு நடக்கலாம். கீலும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. ஊர்த் தச்சரே செய்துவிடலாம். நான்கு அரசர்களுக்கு வைத்தியம் பார்த்த மனிதர், இந்தக் கட்டைக் காலையும் தன் புத்தகத்துக்குத் தகுதியானது என்று நினைத்தாரே, அங்கேதான் அவர் எனக்குப் பெரியவராகத் தெரிகிறார்.

லத்தீன் தெரியாதவர்

அரண்மனைக்குப் போன பிறகும் அவருக்கு நிம்மதி இல்லை. 1554இல் அவரை அறுவை வைத்தியர் சங்கத்தில் சேர்த்தபோது, லத்தீன் தெரியாதவருக்கு இடமா என்று முணுமுணுப்பு. 1575இல் தன் நூல்களை எல்லாம் ஒன்றாகத் திரட்டிப் பெரிய தொகுப்பாகக் கொண்டுவந்தபோது பாரிஸ் மருத்துவப் பேராசிரியர்கள் வழக்குக்கே போனார்கள். அறுவை வைத்தியன் காய்ச்சலைப் பற்றி எழுதலாமா, அதையும் பாமரர் பேசும் பிரெஞ்சில் எழுதலாமா என்பது அவர்கள் கோபம். பாரே மசியவில்லை. போர்க்களத்தில் கட்டுப் போடும் பையனுக்கு லத்தீன் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். கடைசியில் 1582இல் லத்தீன்காரர்களே படிக்கும்படி அந்தத் தொகுப்பு லத்தீனுக்குப் போனது, 1634இல் ஆங்கிலத்துக்கும் வந்தது. தமிழ் மீடியத்திலிருந்து வந்து, முதல் செமஸ்டரில் இங்கிலீஷ் புரியாமல் ஹாஸ்டல் மொட்டை மாடியில் அழுத நம்மில் பலருக்கு இந்தக் கதை பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

அவரிடம் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. விசித்திரப் பிறவிகளைப் பற்றி அவர் 1573இல் எழுதிய புத்தகத்தில் கடல் பூதம் வரை எல்லாம் வரும். காதால் கேட்டதையும் நம்பி எழுதியிருக்கிறார். 1559இல் ஈட்டி விளையாட்டில் கண்ணில் காயம்பட்ட அரசர் இரண்டாம் ஹென்றியைக் காப்பாற்றவும் அவரால் முடியவில்லை. உடற்கூறு மேதை வெசாலியஸ் பக்கத்தில் இருந்தும் முடியவில்லை.

1590இல் பாரிஸ் முற்றுகையில் சிக்கி மக்கள் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தார்கள். எண்பது வயதுக் கிழவரான பாரே, தெருவில் எதிர்ப்பட்ட பேராயரை நிறுத்தி, எப்படியாவது சமாதானம் செய்து இந்த ஜனங்களைக் காப்பாற்றுங்கள் என்று மன்றாடினார். அந்த வருஷம் டிசம்பர் 20ஆம் தேதி இறந்துபோனார்.

அதற்குப் பிறகு கீல் வெகுதூரம் போய்விட்டது. 1696இல் டச்சு வைத்தியர் வெர்டுயின், முழங்கால் தப்பியவர்களுக்குப் பூட்டில்லாத கீல் வைத்த கால் செய்தார். 1997இல் சந்தைக்கு வந்த சி-லெக் காலில், மடங்கலாமா கூடாதா என்பதைக் கம்ப்யூட்டர் சில்லு முடிவு செய்கிறது. நம் நாட்டில் 1960களின் கடைசியில் ஜெய்ப்பூர் கால் பிறந்ததும் பாரே கதை போலத்தான். டாக்டர் பி.கே. சேத்தி ஒரு பக்கம், கைவினைஞர் ராம் சந்திர சர்மா ஒரு பக்கம். வைத்தியரும் பட்டறைக்காரரும் ஒன்றாக உட்கார்ந்தால்தான் கால் நடக்கிறது.

சின்ன லொரேன்காரரின் உண்மைப் பெயரைப் பாரே எழுதி வைக்கவில்லை, பட்டப்பெயர் மட்டும் நின்றது. எங்கள் ஃபிட்டிங் பிரிவு சாருக்கும் இந்த மலரில் போட்டோ கிடையாது. அவர் இப்போது இல்லை. அவர் கடைந்த வளையம் என்னிடம் இருக்கிறது. இரண்டு காலிபர் மாறியும் அதைத் தூக்கிப்போட மனசு வரவில்லை.

தம்பி தங்கைகளே, ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு என்ன செய்யலாம் என்று யோசிக்கும்போது, செயற்கைக் கால் செய்யும் ஒரு மையத்துக்கு ஒருநாள் போய்ப் பாருங்கள். வரைபடத்தை எடுப்பதற்கு முன்னால், அதை மாட்டி நடப்பவரைப் பத்துத் தடவை உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். காது கொடுத்துக் கேளுங்கள்.

ரீயூனியன் அன்று ஹாலுக்குள் டக் என்று சத்தம் கேட்டால், திரும்பிப் பார்க்காமலே கூப்பிடுங்கப்பா. நான்தான்.

— டக்கு, மெக்கானிகல் பிரிவு