பனிக்கடலிலிருந்து படங்களை மீட்ட பிராங் ஹேர்லி

2009 ஜனவரியில் நாங்கள் தர்மபுரத்தை விட்டு வெளிக்கிட்டபோது அம்மாவின் கையில் ஒரு சொப்பிங் பைதான் இருந்தது. அதற்குள் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைகள், அவவின் கலியாணப் படம் ஒன்று. மற்றப் படங்கள் இருந்த அல்பம் பாரமென்று பதுங்குகுழிக்குள்ளேயே விடப்பட்டது. பின்னர் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள் படிக்கும்போது 1919ஆம் ஆண்டு வெளியான ‘சவுத்’ என்ற மௌனப்படத்தைப் பார்த்தேன். அதன் ஒளிப்பதிவாளரைப் பற்றித் தேடி வாசித்தபோது எனக்கு அந்த அல்பம்தான் நினைவுக்கு வந்தது.

பிராங் ஹேர்லி 1885இல் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் பிறந்தவர். சிறுவயதிலேயே வீட்டை விட்டு ஓடி, லித்கோ என்ற ஊரின் இரும்பாலையில் வேலை செய்தார். பதினேழு வயதளவில் வாரம் ஒரு ஷில்லிங் கட்டுக்காசுக்குத் தன் முதல் கமராவை வாங்கினார். 1911இல் டக்ளஸ் மோசனின் அந்தாட்டிக்கா பயணத்தில் படப்பிடிப்பாளராகச் சேர்ந்தார். அங்கே வீசும் புயற்காற்றுக்குள் அவர் எடுத்த சலனப்படம் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது.

1914இல் ஏர்னஸ்ட் ஷக்கில்டன் அந்தாட்டிக்கா கண்டத்தைக் குறுக்கே கடக்கப் புறப்பட்டார். ‘எண்டூரன்ஸ்’ என்ற அந்தக் கப்பலில் இருந்த 28 பேரில் ஹேர்லியும் ஒருவர். 1915 ஜனவரியில் வெட்டெல் கடலின் பனி கப்பலை இறுக்கிப் பிடித்தது. அந்தக் குளிர்கால இருட்டில் இருபதளவு வெளிச்சங்களைச் சுற்றிவர வெடிக்கவைத்து, உறைந்து நின்ற கப்பலைப் படமெடுத்தார் ஹேர்லி. ஒக்டோபரில் பனி கப்பலை நசுக்கத் தொடங்கியது. எல்லோரும் பனித்தரையில் இறங்கினார்கள். பாய்மரங்கள் முறிந்து விழுவதையும் அவரது சலனப்படக் கமரா பதிவுசெய்தது.

ஆனால் படச்சுருள்களும் கண்ணாடி நெகட்டிவ்களும் கப்பலுக்குள்ளேயே மாட்டிக்கொண்டன. ஹேர்லி உடுப்பைக் கழற்றிவிட்டு, பனிக்கூழ் நிறைந்த தண்ணீருக்குள் இறங்கித் தடவித் தடவி அந்தப் பெட்டிகளை வெளியே எடுத்தார். மூடி ஒட்டப்பட்டிருந்ததால் உள்ளே தண்ணீர் போகவில்லை.

அடுத்த சிக்கல் பாரம். சொந்தப் பொருளென்றால் ஒருவருக்கு இரண்டு இறாத்தலுக்கு மேல் கூடாது என்பது ஷக்கில்டனின் கட்டளை. ஹேர்லியும் அவரும் பனியில் குந்தியிருந்து கண்ணாடித் தகடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். ஏறத்தாழ 120 தகடுகள் எஞ்சின. கழித்த 400 தகடுகளளவில் அங்கேயே உடைத்தார்கள். பிறகு மனம் மாறித் திரும்பவும் எடுக்கக்கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்தார்கள். பெரிய கமராக்களும் கைவிடப்பட்டன. மிஞ்சியது சட்டைப்பைக்குள் அடங்கும் ஒரு கமராவும் மூன்று படச்சுருள்களும்.

1916 ஏப்ரலில் எலிபன்ட் தீவில் கரையேறினார்கள். உதவி தேடி ஷக்கில்டனும் ஐந்து பேரும் சிறு படகொன்றில் போக, ஹேர்லி உட்பட 22 பேர் கவிழ்த்துப்போட்ட படகுகளுக்குக் கீழே நான்கு மாதங்களுக்கு மேல் காத்திருந்தார்கள். ஓகஸ்ட் 30இல் மீட்கப்பட்டார்கள். 28 பேரும் உயிர் தப்பினார்கள்.

இங்கேதான் எனக்கு நெருடலான இடம் வருகிறது. ஏப்ரலில் அந்தச் சிறு படகு புறப்பட்டபோது கரையில் நின்றவர்கள் கையசைத்த படத்தை, ஓகஸ்டில் மீட்கப்பட்ட காட்சியென்று பின்னர் மக்களுக்குக் காட்டினார் ஹேர்லி. உயிரைக் கொடுத்து மீட்ட ஒரு படத்துக்கு அவரே பொய்யான தலைப்பு வைத்தார்.

1917இல் அவுஸ்திரேலியப் படையின் உத்தியோகபூர்வப் படப்பிடிப்பாளராக பெல்ஜியத்தின் போர்முனைக்குப் போனார். போரின் முழுக் கோரத்தையும் ஒரே நெகட்டிவில் கொண்டுவர முடியாது, ஆட்கள் பரந்து நிற்பார்கள், எறிகணைகள் வேறு வேறு நேரத்தில் வெடிக்கும் என்பது அவரது வாதம். ஆகவே பல நெகட்டிவ்களை இணைத்துப் படங்கள் செய்தார். சொனபெக் சமரைக் காட்டும் அவரது புகழ்பெற்ற படம் 12 நெகட்டிவ்களைச் சேர்த்தது. போர் வரலாற்றாசிரியர் சாள்ஸ் பீன் இவற்றைப் பொய்ப் படங்கள் என்று எதிர்த்தார். ஹேர்லி பதவி விலகப்போவதாக மிரட்டினார். கடைசியில், இணைத்த படமென்று தெளிவாகக் குறிப்பிட்டால் சிலவற்றைக் காட்டலாம் என்று உடன்பாடு வந்தது.

ஹேர்லியின் கோபம் எனக்கு விளங்குகிறது. பார்த்ததைப் பார்க்காதவர்களுக்குச் சொல்ல ஒரு படம் போதாது என்ற தவிப்பு எங்களுக்கும் உண்டு. ஆனாலும் நான் பீனின் பக்கம்தான். எங்களுடைய உண்மையான படங்களையே பொய்யென்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். வேறு நாட்டுப் படமொன்றை முள்ளிவாய்க்கால் என்று ஒருவர் பகிர்ந்தால், அவர்கள் அதைக் காட்டியே மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிடுவார்கள்.

ஹேர்லி 1962இல் சிட்னியில் காலமானார். அவரது போர்ப் படங்களில் இன்றைக்கும் அதிகம் நினைவில் நிற்பது, 1917 ஒக்டோபர் 29இல் ஈப்பர் அருகே சட்டோ வூட்டில் எடுத்தது. எரிந்த மரக்கட்டைகள், சேற்று நீர், அதற்குமேல் போட்ட பலகைப் பாதையில் நடக்கும் சில படையினர். வெடிப்பு இல்லை, விமானம் இல்லை. ஒரே ஒரு நெகட்டிவ். அவர் போதாது என்று நினைத்தது அங்கே போதுமாக இருக்கிறது.

இப்போது காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் என்னிடம் படங்களைத் தரும்போது, எங்கே, எப்போது, யார் எடுத்தது என்று கேட்டுப் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிவைக்கிறேன். அம்மாவின் கலியாணப் படத்திலும் எழுதிவிட்டேன்.