ஓர் உள்ளத்தில் பல மனிதர்

காலையில் கோவிலில் முழந்தாளிட்டிருக்கும் நாமும், மாலையில் விளையாட்டுத் திடலில் கூச்சலிடும் நாமும், இரவில் தேர்வை எண்ணிக் கலங்கும் நாமும் ஒருவர்தாமா? இந்தக் கேள்வியை வாழ்நாளெல்லாம் சுமந்தவர் போர்த்துக்கல் நாட்டின் பெருங்கவிஞர் பெர்னாண்டோ பெசோவா.

இவர் 1888-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள், புனித அந்தோணியார் திருநாளன்று, லிஸ்பன் நகரில் பிறந்தார். செவ்வாய்தோறும் நாம் நவநாள் செபம் சொல்லி வேண்டும் அப்புனிதர் பிறந்த ஊரும் அதுவே. பிரான்சிஸ்கு சபையில் சேருமுன் அவருடைய பெயரும் பெர்னாண்டோதான். ஆகவே புனிதரின் இரு பெயர்களையும் சேர்த்துக் குழந்தைக்குப் பெர்னாண்டோ அந்தோணியோ என்று பெயரிட்டனர். பெசோவா என்னும் குடும்பப் பெயருக்கு அவர்கள் மொழியில் ஆள் என்று பொருள். அந்த ஓர் ஆள் பல ஆட்களாக வாழ்ந்ததே விந்தை!

ஐந்து வயதில் தந்தையைக் காசநோய்க்குப் பறிகொடுத்தான் சிறுவன். அடுத்த ஆண்டு கைக்குழந்தையான தம்பியும் இறந்தான். தனிமையில் அவன் ஷெவாலியே தெ பா என்றொரு நண்பரைக் கற்பனையில் படைத்து, அவர் எழுதுவதுபோல் தனக்கே கடிதம் எழுதிக்கொண்டான். தாய் மறுமணம் செய்துகொள்ளவே, 1896-இல் குடும்பம் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குச் சென்றது. அங்கே அவன் முதலில் பயின்றது, நம் பள்ளியைப் போலக் கன்னியர் நடத்திய பள்ளியில்தான். பின்னர் ஆங்கிலக் கட்டுரைக்காக விக்டோரியா அரசியின் பெயரிலான பரிசையும் வென்றான்.

1905-இல் லிஸ்பன் திரும்பிய பெசோவா, வணிக நிறுவனங்களுக்கு அயல்மொழிக் கடிதங்கள் எழுதிப் பிழைத்தார். அவருடைய பாட்டி மனநோயால் வருந்தியவர். அந்நோய் தம்மையும் பற்றுமோ என்ற அச்சம் இளைஞரை வாட்டியது. ஒருமுறை கற்பனை மருத்துவர் ஒருவரின் பெயரில் தம் பழைய ஆசிரியருக்கே கடிதம் எழுதி, பெசோவா எப்படிப்பட்ட மாணவன் என்று கேட்டார்! நமக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் தம்மைத் தாமே அறியத் துடித்த ஒருவரின் வேதனை அதில் இருக்கிறதல்லவா?

1914 மார்ச்சில் அவருக்குள்ளிருந்தோர் கவிஞர்களாய் வெளிப்பட்டனர். கல்வி அதிகமில்லாத நாட்டுப்புறத்தார் அல்பெர்த்தோ கயேரோ. இயேசு சபையார் பள்ளியில் படித்த மருத்துவர் ரிக்கார்தோ ரெய்ஸ். கிளாஸ்கோவில் கப்பல் பொறியியல் கற்ற ஆல்வரோ தெ காம்போஸ். கயேரோ கண்டதைக் கண்டபடி பாடினார். ரெய்ஸ் அமைதியை நாடினார். காம்போஸோ இயந்திரங்களின் ஆரவாரத்தை முழங்கினார். இவர்களுக்குப் பிறந்த நாளும் தொழிலும் தந்ததோடு, சாதகமும் கணித்தார் பெசோவா! ஒருவர் கருத்தை மற்றவர் மறுத்தும் எழுதினர்.

போர்த்துக்கீசிய மொழியில் அவர் உயிரோடிருக்கையில் வெளிவந்த கவிதை நூல் ஒன்றே. அது 1934-இல் வந்தது. மறு ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள், 47-ஆம் வயதில் காலமானார். அவர் விட்டுச்சென்ற பெட்டியில் 25,000-க்கும் மேற்பட்ட தாள்கள் கிடைத்தன. அவற்றிலிருந்து தொகுத்த புகழ்பெற்ற உரைநடை நூல் 1982-இல்தான் அச்சேறியது. 1985-இல் அவருடைய உடல் லிஸ்பனின் ஜெரோனிமோஸ் மடத்துக்கு மாற்றப்பட்டது.

தோழியரே, பல முகம் காட்டிப் பிறரை ஏமாற்றுவது வேறு. உள்ளத்தின் பல குரல்களை நேர்மையாய்க் கேட்பது வேறு. நமக்குள்ளும் அழுபவள் ஒருத்தி, துணிந்தவள் ஒருத்தி, பொறாமைப்படுபவள் ஒருத்தி இருக்கிறார்கள். அவர்களுள் எவளையும் கண்டு வெட்கப்பட வேண்டியதில்லை. எவளிடம் கடிவாளத்தைக் கொடுப்பது என்பதே நம் பொறுப்பு. தனித்த அச்சிறுவனுக்குக் கடிதம் எழுதத் தன்னைத் தவிர யாருமில்லை. நமக்கோ தாயும் தோழியும் சகோதரியரும் இருக்கின்றனர். உள்ளே இரைச்சல் மிகும் நாளில் அவர்களிடம் வாய்திறந்து சொல்வோம். நம்முள் இருக்கும் அனைவரையும் அறிந்து அன்பு செய்யும் இறைவன் நம்மை ஒன்றாய்க் காப்பாராக!