கிரேஸ் ஹாப்பர்

கிரேஸ் மரே ஹாப்பர் (டிசம்பர் 9, 1906 - ஜனவரி 1, 1992) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த கணிதவியலாளரும் கணினி அறிவியலாளரும் கடற்படை அதிகாரியும் ஆவார். முதல் நிரல்மொழிமாற்றிகளுள் ஒன்றை உருவாக்கியவர். கோபோல் நிரல்மொழி இவருடைய கருத்துகளைத் தழுவி எழுந்தது.

வாழ்க்கை

நியூயார்க் நகரில் பிறந்த ஹாப்பர் வாசர் கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் பயின்றார். 1934 இல் யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். வாசரில் கற்பித்து வந்த அவர், இரண்டாம் உலகப் போரின்போது 1943 இல் கடற்படையின் மகளிர் சேமப் படையில் சேர்ந்தார். உடல் எடை போதாமையால் விதிவிலக்குப் பெற்றே சேர முடிந்தது. 1944 முதல் ஹார்வர்டில் ஹோவர்ட் ஐக்கனின் கீழ் மார்க் 1 கணினிக்கு நிரல் எழுதினார். 1947 இல் மார்க் 2 கணினியினுள் சிக்கிய அந்துப்பூச்சியைக் கண்டெடுத்தவர் இவரே என்பது பரவலான கதை. அவர் அதனைப் பலருக்கும் எடுத்துரைத்தாரேயன்றிக் கண்டெடுத்தவர் அல்லர்.

நிரல்மொழிகள்

1949 இல் யூனிவாக் கணினியை உருவாக்கிய எக்கர்ட்-மாக்லி நிறுவனத்தில் சேர்ந்தார். கணினி கணக்கிட மட்டுமே வல்லது, நிரல் எழுத வல்லதன்று என்று பலர் நம்பிய காலத்தில், 1952 இல் ஏ-0 என்னும் நிரல்மொழிமாற்றியை இயக்கிக் காட்டினார். இன்றைய பொருளில் அதனை இணைப்பி என்பதே பொருந்தும். பின்னர் ஆங்கிலச் சொற்களால் நிரல் எழுத உதவும் ஃபுளோ-மேட்டிக் மொழியை இவரது குழு ஆக்கியது.

அக்காலத்தில் அரசு அலுவலகங்கள் வெவ்வேறு நிறுவனங்களின் கணினிகளை வாங்கின. கணினியை மாற்றினால் நிரல்கள் அனைத்தையும் புதிதாக எழுத நேர்ந்தது. இதற்குத் தீர்வு காண 1959 இல் பென்டகனில் கூடிய கூட்டத்தின் விளைவே கோபோல். மொழியை வரைந்த குழுவில் ஹாப்பர் உறுப்பினர் அல்லர், ஆலோசகராகவே இருந்தார். எனினும் அதன் அடிப்படை ஃபுளோ-மேட்டிக்கே.

கடற்படைப் பணி

வயது வரம்பு காரணமாக 1966 முடிவில் ஓய்வளிக்கப்பட்ட ஹாப்பரை, கடற்படை அடுத்த ஆகஸ்டில் ஆறு மாதப் பணிக்கென மீண்டும் அழைத்தது. அப்பணி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீண்டது. கோபோல் பொது மொழியே ஆயினும் ஒவ்வொரு நிறுவனமும் அதில் தன் விருப்பப்படி மாற்றங்கள் செய்திருந்தது. ஒரு கணினியில் இயங்கிய நிரல் மற்றொன்றில் இயங்கவில்லை. பொது மொழியின் நோக்கமே இதனால் வீணாகும் நிலை தோன்றியது. கடற்படையின் நிரல்மொழிக் குழுவுக்குத் தலைமையேற்ற ஹாப்பர், நிரல்மொழிமாற்றி தரத்துக்கு இணங்குகிறதா என்று கண்டறியும் சோதனை நிரல்களை உருவாக்கச் செய்தார். தரத்தை ஏட்டில் எழுதி வைப்பதைவிட, வாங்குவோர் கையில் அளவுகோலைக் கொடுத்ததே அவரது பெரும்பணி எனலாம். இம்முறை பின்னர் நடுவண் அரசின் பிற துறைகளுக்கும் பரவியது.

விரிவுரைகளில் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் நீளக் கம்பித் துண்டுகளை வழங்குவார். ஒரு நானோநொடியில் ஒளி செல்லும் தொலைவு அது. செயற்கைக்கோள் வழிச் செய்தி ஏன் தாமதிக்கிறது என்று படைத்தலைவர்களுக்கு அவர் விளக்கியதும் அக்கம்பியைக் கொண்டே.

1986 ஆகஸ்டில், 79 ஆம் வயதில், பாஸ்டன் துறைமுகத்தில் கான்ஸ்டிட்யூஷன் கப்பலில் நடந்த விழாவில் ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்றார். அதன்பின் டிஜிட்டல் எக்யூப்மெண்ட் நிறுவனத்தில் ஆலோசகராகப் பணியாற்றினார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். 1997 இல் பணியில் இணைந்த போர்க்கப்பல் ஒன்று இவர் பெயரைத் தாங்கியது. 2016 இல் விடுதலைக்கான அதிபர் பதக்கம் இவருக்கு மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.