மழைக்காலம் தந்த விளையாட்டு

பட்டிப்பொலப் புகைவண்டி நிலையம் கடல் மட்டத்துக்கு மேல் 6,226 அடி உயரத்தில் உள்ளது. இலங்கையில் இதனினும் உயர்ந்த நிலையம் இல்லை. பனி மூடும் இம்மலைநாட்டில் தோட்டத் துரைமார் மாலைப் பொழுதைக் கழிக்க நாடியது பில்லியட்ஸ் மேசையை. 1876இல் நுவரெலியாவில் தோன்றிய ஹில் கிளப்பிலும் அதற்கென ஓர் அறை உண்டு. அம்மேசைமேல் ஆடப்பெறும் ஸ்னூக்கர், இங்கிலாந்தில் பிறந்ததென எண்ணுவோர் பலர். அது பிறந்ததோ இந்தியாவில்; விதிகள் வடிவம் பெற்றதோ தமிழகத்து நீலகிரியில். அதன் தந்தை சர் நெவில் சேம்பர்லின். இங்கிலாந்தின் பிரதமராயிருந்த சேம்பர்லின் வேறு, இவர் வேறு.

1856இல் பிறந்த இவர், 1875இல் ஜபல்பூரில் பட்டாளத்து இளம் அதிகாரி. மழை விடாது பெய்த அந்நாட்களில், பழைய ஆட்டங்களில் சலிப்புற்று, பதினைந்து சிவப்புப் பந்துகளோடு நிறப் பந்துகளையும் சேர்த்துப் புதிதாய் ஓர் ஆட்டம் கண்டார். வுல்விச் இராணுவக் கல்லூரியில் முதலாண்டு மாணவனை ஸ்னூக்கர் என ஏளனமாக அழைப்பர். எளிய அடியைத் தவறவிட்ட நண்பரைச் சேம்பர்லின் அப்பெயரால் அழைத்தார். அவர் மனம் நோகாதிருக்க, இவ்வாட்டத்தில் நாம் எல்லோரும் ஸ்னூக்கர்களே எனத் தேற்றினார். அப்பெயரே ஆட்டத்துக்கும் நிலைத்தது.

பின்னர் ஆப்கானியப் போரில் காயமுற்றார். சென்னைப் படைத் தளபதி ராபர்ட்ஸின் பணியில் உதகமண்டலத்தில் கோடையைக் கழித்தபோது, 1882இல் விதிகள் எழுதப்பெற்று அங்குள்ள கிளப்பின் சுவரில் இடம்பெற்றன. 1885இல் கல்கத்தாவில் இவரைச் சந்தித்த ஆட்ட வல்லுநர் ஜான் ராபர்ட்ஸ் அவ்வாட்டத்தை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார்.

இவ்வாட்டத்தின் உயிர் அடக்கத்தில் உள்ளது. முக்கோணமாய் அடுக்கிய சிவப்புப் பந்துகளை முதலில் ஆடுபவர் வலிந்து சிதறடித்தால், அவை எதிரிக்கு விருந்தாகும். ஆகவே, தேர்ந்தவர் ஓரத்துப் பந்தை மெல்ல உரசி, வெள்ளைப் பந்தைத் தொடங்கிய எல்லைக்கே மீட்பார். இயன்றால் நிறப் பந்தொன்றின் பின்னே மறைப்பார். எதிரிக்கு நேர்வழி அற்றுப்போகும். அமெரிக்கரின் ஸ்ட்ரெயிட் பூலிலும் இதே நியாயம்: தொடக்க அடியில் வெள்ளைப் பந்தும் வேறிரு பந்துகளும் ஓரத் திண்டைத் தொடவேண்டும், தவறினால் 2 புள்ளிகள் குறையும். அவ்வளவே செய்து, மற்றவற்றைக் கலையாது விடுவதே திறமை.

காஷ்மீரத்தில் இராணுவச் செயலாளர், 1900 முதல் அயர்லாந்துக் காவற்படைத் தலைவர் எனப் பதவிகள் பல வகித்த சேம்பர்லின், 1916 எழுச்சிக்குப் பின் ஓய்வுற்றார். ஆட்டத்தைக் கண்டவர் தாமே எனப் பிறரும் உரிமை பேசினர். அதனால் 1938இல், 82ஆம் வயதில், உண்மையை விளக்கி அவர் பத்திரிகைக்கு மடல் எழுத நேர்ந்தது. அடுத்த ஆண்டில் எழுத்தாளர் காம்ப்டன் மெக்கன்ஸி அவர் கூற்றை வலியுறுத்தினார். 1944இல் சேம்பர்லின் மறைந்தார்.

துரைமார் அறையில் வளர்ந்த மேசை பின்னர் எல்லோர்க்கும் உரியதாயிற்று. 1973இல் பம்பாயில் உலக பில்லியட்ஸ் பட்டத்தை வென்றவர் இலங்கையின் எம். ஜே. எம். லாபீர். சேம்பர்லினின் பதவிகளை இன்று நினைப்பார் அரியர். மழைநாளில், நண்பர் மனம் கோணாதிருக்கத் தம்மையும் கற்றுக்குட்டிகளோடு எண்ணிக்கொண்ட அந்த ஒரு சொல்லே அவர் பெயரைக் காத்து நிற்கிறது.