ஆலயக் கதவைப் பூட்டிய மேய்ப்பன்



2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. கொரோனா கொள்ளைநோயினால் தேசமெங்கும் ஆலயக் கதவுகள் பூட்டப்பட்டன. ஞாயிறு காலையில் வேதாகமத்தைக் கையில் எடுத்துக்கொண்டு குடும்பமாய்ப் புறப்பட்டுப் பழகிய நாம், வீட்டுக்குள்ளேயே பாய் விரித்து உட்கார்ந்து ஆராதித்தோம். அந்த நாட்களில் விசுவாசிகளுக்குள்ளே ஒரு கேள்வி எழும்பியது. விசுவாசம் இருக்கிறவன் எதுக்கு ஆலயத்தைப் பூட்டணும், தேவன் காக்கமாட்டாரா என்று சிலர் கேட்டார்கள். பிறன்மேல் அன்பு இருக்கிறவன் எதுக்குக் கூட்டம் கூட்டணும் என்று வேறு சிலர் கேட்டார்கள். இதனால் மனஸ்தாபங்கள் வந்தன. சில இடங்களில் அந்தக் கசப்பு இன்னும் ஆறவில்லை.

இதே கேள்வியை 350 வருஷங்களுக்கு முன்னே ஒரு வாலிபப் போதகர் சந்தித்தார். அவர் பெயர் வில்லியம் மாம்பெசன். இங்கிலாந்து தேசத்தில் டெர்பிஷயர் என்னும் மலைப்பகுதியில் ஈம் என்று ஒரு சின்ன கிராமம். அங்கேதான் அவர் ஊழியம் செய்தார். அவருடைய ஜீவியத்தை வாசிக்கிற எவருக்கும் இருதயம் உருகாமல் போகாது.

ஊர் விரும்பாத போதகர்

மாம்பெசன் 1639ஆம் ஆண்டு வாக்கில் பிறந்தவர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றவர். 1664இல் ஈம் கிராமத்துச் சபைக்குப் போதகராக வந்தார். அப்போது அவருக்கு வயது 25 இருக்கும். கேத்தரின் என்ற மனைவியும், ஜார்ஜ், எலிசபெத் என்ற இரண்டு சின்னப் பிள்ளைகளும் அவருக்கு இருந்தார்கள்.

வந்த இடத்தில் அவருக்கு வரவேற்பு ஒன்றும் பெரிதாக இல்லை. காரணம் என்ன? அவருக்கு முன்னே அந்த ஊரில் பல வருஷங்கள் மேய்ப்பராயிருந்தவர் தாமஸ் ஸ்டான்லி என்ற பியூரிட்டன் போதகர். 1662இல் இங்கிலாந்து அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. எல்லாப் போதகர்களும் அரசு ஏற்படுத்தின ஜெபப் புத்தகத்தின்படிதான் ஆராதனை நடத்த வேண்டும் என்றது அந்தச் சட்டம். ஸ்டான்லி அதற்கு மனச்சாட்சியில் உடன்படவில்லை. இப்படி உடன்படாத ஏறக்குறைய 2,000 போதகர்கள் அந்தக் காலத்தில் வேலையை இழந்தார்கள். ஸ்டான்லியும் அவர்களில் ஒருவர். ஜனங்களின் மனசோ அவரோடேயே இருந்தது. புதிதாய் வந்த மாம்பெசனை அரசாங்கத்து ஆள் என்றுதான் பார்த்தார்கள். ஒரே ஊர், ஒரே மந்தை, இரண்டு மேய்ப்பர்கள். இருவருக்கும் நடுவே ஒரு பெரிய சுவர்.

துணி மூட்டையில் வந்த சாவு

1665இல் லண்டன் பட்டணத்தில் கொள்ளைநோய் தலைவிரித்தாடியது. ஏறத்தாழ 1 லட்சம் பேர் அதில் மாண்டார்கள் என்று கணக்கிடுகிறார்கள். ஈம் கிராமமோ லண்டனுக்கு வெகு தூரம். நமக்கு என்ன வரப்போகுது என்று ஜனங்கள் இருந்திருப்பார்கள்.

அந்த ஆண்டு கோடையின் முடிவில் ஊர்த் தையல்காரர் வீட்டுக்கு லண்டனிலிருந்து ஒரு துணி மூட்டை வந்தது. துணி ஈரமாயிருந்ததால், அங்கே இருந்த ஜார்ஜ் விக்கர்ஸ் என்ற வேலையாள் அதை விரித்து நெருப்பருகே காயவைத்தார். அதில் நோய்க்கிருமியைச் சுமந்த தெள்ளுப்பூச்சிகள் இருந்தன என்று இன்றைக்குச் சொல்லுகிறார்கள். அன்றைக்கு அது யாருக்குத் தெரியும்? அந்தக் கிருமியையே 1894இல்தான் கண்டுபிடித்தார்கள். சில நாட்களுக்குள் விக்கர்ஸ் மரித்துப்போனார். செப்டம்பர் 7ஆம் தேதி அவரை அடக்கம் செய்தார்கள். அந்த வீட்டிலும் பக்கத்து வீடுகளிலும் ஒவ்வொருவராய் விழ ஆரம்பித்தார்கள். வருஷம் முடிவதற்குள் 40 பேருக்கு மேல் போய்விட்டார்கள்.

குளிர்காலத்தில் நோய் கொஞ்சம் தணிந்தது. விட்டது சனியன் என்று ஊர் மூச்சுவிட்டது. ஆனால் 1666ஆம் ஆண்டு கோடை பிறந்ததும் அது மறுபடியும் சீறி எழும்பியது. ஜனங்கள் மூட்டை கட்டத் தொடங்கினார்கள். ஓடிப்போனால் பிழைக்கலாம், இருந்தால் சாவு. யாருக்குத்தான் பயம் வராது?

சுவர் இடிந்தது

இங்கேதான் மாம்பெசன் எடுத்த முடிவைக் கவனியுங்கள். இந்த ஜனங்கள் ஓடினால் போகிற ஊருக்கெல்லாம் நோயையும் கொண்டுபோவார்கள் என்று அவர் கண்டார். ஊர் எல்லையைத் தாண்டி ஒருவரும் போகக்கூடாது என்று ஜனங்களைக் கேட்டுக்கொள்ளத் தீர்மானித்தார். ஆனால் தன் வார்த்தையை அவர்கள் கேட்கமாட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். அப்போ என்ன செய்தார்?

ஸ்டான்லியைத் தேடிப் போனார். எந்த மனுஷனுடைய பிரசங்க பீடத்தில் தான் நிற்கிறாரோ, அந்த மனுஷனிடத்திலேயே உதவி கேட்டார். இது லேசான காரியம் இல்லை. 1665இல் வந்த இன்னொரு சட்டத்தின்படி, ஸ்டான்லியைப் போன்றவர்கள் தங்கள் பழைய சபைக்கு ஐந்து மைல் தூரத்துக்குள்ளே குடியிருக்கவே கூடாது. ஆனாலும் ஸ்டான்லி தன் மனவருத்தத்தைப் பார்க்கவில்லை, மந்தையைப் பார்த்தார். 1666 ஜூன் மாதத்தில் இரண்டு பேரும் சேர்ந்து நின்று ஜனங்களிடம் பேசினார்கள். இரண்டு மேய்ப்பரையும் ஒன்றாய்ப் பார்த்தபோது ஜனங்கள் சம்மதித்தார்கள்.

மூன்று காரியங்களை முடிவு செய்தார்கள். முதலாவது, ஊரைவிட்டு ஒருவரும் வெளியே போவதில்லை, வெளியாரும் உள்ளே வருவதில்லை. இரண்டாவது, மரித்தவர்களைக் கல்லறைத் தோட்டத்துக்கு எடுத்துச் செல்லாமல், அந்தந்தக் குடும்பத்தார் தங்கள் தோட்டத்திலோ வயலிலோ அடக்கம் செய்வது. மூன்றாவது, ஆலயத்தைப் பூட்டிவிடுவது.

பிரியமானவர்களே, ஆலயத்தைப் பூட்டினார்களே தவிர ஆராதனையை நிறுத்தவில்லை. ஊருக்குப் பக்கத்தில் கக்லெட் டெல்ஃப் என்று ஒரு பள்ளத்தாக்கு உண்டு. ஜனங்கள் அங்கே போய்ப் புல்தரையில், குடும்பம் குடும்பமாய், ஒரு குடும்பத்துக்கும் மறு குடும்பத்துக்கும் இடைவெளி விட்டு நின்றார்கள். மாம்பெசன் அங்கேயிருந்த பாறை வளைவில் ஏறி நின்று தேவவசனத்தைப் பிரசங்கித்தார். கூரை இல்லை, பெஞ்சு இல்லை, மணியோசை இல்லை. வாராவாரம் கூட்டம் மட்டும் குறைந்துகொண்டே போனது. போன வாரம் ஆறு பேராய் நின்ற குடும்பத்தில் இந்த வாரம் இரண்டு பேர்தான் நின்றார்கள் என்றால், அந்தப் போதகரின் இருதயம் என்ன பாடு பட்டிருக்கும்!

சாப்பாட்டுக்கு வழி? அருகே சாட்ஸ்வொர்த் மாளிகையில் இருந்த டெவன்ஷயர் பிரபு உணவும் மற்ற தேவைகளும் அனுப்பினார். பக்கத்து ஊர்க்காரர்களும் பொருட்களை எல்லைக் கல்லில் வைத்துவிட்டுப் போவார்கள். ஈம் ஜனங்கள் அந்தக் கல்லில் இருந்த குழிகளில் வினிகர் ஊற்றி, அதற்குள்ளே காசைப் போட்டு வைப்பார்கள். காசின் மூலமாகக்கூட மற்றவனுக்கு நோய் போகக்கூடாது என்று அவ்வளவு கவனம். அந்தக் கல்லை இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம்.

விலைக்கிரயம்

அந்த ஆகஸ்ட் மாதம்தான் மிகக் கொடியது. அந்த ஒரே மாதத்தில் 70 பேருக்கு மேல் மரித்தார்கள். எலிசபெத் ஹான்காக் என்ற தாய், எட்டு நாளைக்குள்ளே தன் புருஷனையும் ஆறு பிள்ளைகளையும் பறிகொடுத்தாள். தூக்க ஆள் இல்லை. ஏழு பேரையும் தானே இழுத்துக்கொண்டுபோய்க் குழி வெட்டிப் புதைத்தாள். அந்தக் கல்லறைகளும் வயல் நடுவே இன்னும் நிற்கின்றன.

மாம்பெசன் தன் குடும்பத்துக்கு என்ன செய்தார்? ஒளிக்காமல் சொல்லவேண்டும். ஊர் எல்லை அடைக்கப்படும் முன்னே தன் இரண்டு பிள்ளைகளையும் யார்க்ஷயருக்கு அனுப்பிவிட்டார். அவரும் ஒரு தகப்பன்தானே! மனைவியையும் போகச்சொல்லி மன்றாடினார். கேத்தரின் அம்மாளோ புருஷனை விட்டுப் போகமாட்டேன் என்று தங்கிவிட்டார். வியாதியஸ்தர் வீடுகளுக்குப் போன கணவருக்குத் துணையாய் நின்றார். 1666 ஆகஸ்ட் 25ஆம் தேதி கேத்தரின் அம்மாள் அதே நோயினால் மரித்தார். வயது 27.

மனைவியை அடக்கம் செய்தபின் மாம்பெசன் தன் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதி, தாயின் மரணச் செய்தியைத் தெரிவித்தார். தானும் சீக்கிரத்தில் மரித்துப்போவேன் என்றே எண்ணி, தன்னை ஆதரித்த சர் ஜார்ஜ் சாவில் என்பவருக்கு எழுதி, தாயில்லாத அந்தப் பிள்ளைகளை அவர் கையில் ஒப்புவித்தார். அதற்குப் பிறகும் பள்ளத்தாக்கில் ஆராதனையை நடத்தினார்.

நவம்பர் முதல் நாள் கடைசி மரணம் நடந்தது. 14 மாதங்களில் ஏறக்குறைய 260 பேர் மரித்தார்கள். 76 குடும்பங்களில் சாவு நுழைந்திருந்தது. சுற்றியிருந்த ஊர்களுக்கோ நோய் பரவவில்லை. தாங்கள் கண்ணாலும் காணாத ஜனங்களுக்காக ஒரு கிராமம் தன்னையே அடைத்துக்கொண்டது.

பிறகு நடந்தது

இவ்வளவு செய்தவரை உலகம் தலைமேல் வைத்துக் கொண்டாடியதா? இல்லை. 1669இல் மாம்பெசன் ஈக்ரிங் என்ற ஊர்ச் சபைக்கு மாற்றப்பட்டார். கொள்ளைநோய் ஊரிலிருந்து வந்தவர் என்று சொல்லி, அந்த ஊர் ஜனங்கள் அவரைக் கிட்டே சேர்க்கப் பயந்தார்கள். நோய் முடிந்து இரண்டு வருஷத்துக்கு மேலாகியும் இந்த நிலை! பயம் தெளியும்வரை ஒரு தோப்பில் குடிசை போட்டுத் தங்கினார் என்றும், ஒரு மரத்தடியில் நின்று பிரசங்கித்தார் என்றும் அந்தப் பக்கத்தார் சொல்லிவருகிறார்கள். அவர் முறுமுறுக்கவில்லை. வெட்டவெளியில் ஆராதனை நடத்துவது அவருக்குப் புதுசா என்ன?

பின்பு அந்த ஜனங்கள் அவரை ஏற்றுக்கொண்டார்கள். லிங்கன் பேராலயத்தின் உயர்ந்த பதவி தேடிவந்தபோது, அவர் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 1709இல் ஈக்ரிங்கிலேயே நித்திரையடைந்தார்.

ஸ்டான்லிக்கு நேர்ந்ததையும் கேளுங்கள். நோய் நின்றபின் சிலர் அவரை ஊரைவிட்டுத் துரத்தவேண்டுமென்று டெவன்ஷயர் பிரபுவிடம் முறையிட்டார்கள். பிரபு அதற்கு இணங்கவில்லை. அந்த மனுஷனுக்கு இந்தச் சீமை முழுவதும் நன்றி செலுத்துவதே நியாயம் என்று எண்ணினார். ஸ்டான்லி 1670இல் ஈம் கிராமத்திலேயே மரித்தார்.

நமக்கு என்ன?

மாம்பெசன் ஆலயத்தைப் பூட்டியது அவிசுவாசமா? அவிசுவாசியானால் முதலில் அவரே ஓடியிருப்பார். அவர் கதவைப் பூட்டினார், தன்னை மந்தையோடேகூட உள்ளே வைத்துப் பூட்டினார். நல்ல மேய்ப்பனைக் குறித்து யோவான் 10ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோமே, அதை இந்த மனுஷன் நடந்து காட்டினார். தொற்றுநோயாளி பாளயத்துக்குப் புறம்பே தங்கவேண்டும் என்று லேவியராகமம் 13ஆம் அதிகாரத்தில் கட்டளையிட்டவரும் நம்முடைய தேவன்தான். பள்ளத்தாக்கில் விசுவாசத்தோடு நின்று ஜெபித்தவர்களிலும் அநேகர் மரித்தார்கள். அதனால் தேவன் அவர்களைக் கைவிட்டார் என்று சொல்ல நாம் யார்?

இன்றைக்கும் ஆகஸ்ட் மாதத்துக் கடைசி ஞாயிறு வரும்போது ஈம் ஜனங்கள் அந்தக் கொள்ளைநோயை நினைவுகூர்ந்து ஆராதிக்கிறார்கள். கேத்தரின் அம்மாளின் கல்லறையில் பூ வைக்கிறார்கள்.

பிரியமான சகோதரனே, சகோதரியே! கொரோனா நாட்களில் ஆலயத்தைப் பூட்டலாமா கூடாதா என்று வாக்குவாதம் பண்ணி, யாரோடாவது பேசாமல் இருக்கிறாயா? அந்த நாட்களில் நோய் வந்த குடும்பத்தைப் பார்த்து ஒதுங்கிப்போய், பிறகும் அந்த வீட்டுப் படி ஏறாமலே இருந்துவிட்டாயா? மாம்பெசன் ஸ்டான்லியின் வீட்டு வாசலுக்குப் போனார். அந்த நடைதான் ஒரு ஊரை ஒருமனப்படுத்தியது. வருகிற ஞாயிறு ஆராதனைக்கு வருமுன்னே நீயும் ஒரு வாசலுக்குப் போக வேண்டியிருந்தால், போய்வா. கர்த்தர்தாமே உனக்கு அந்தக் கிருபையைத் தருவாராக. ஆமென்.